நத்தம் பாலத்தில் இழுக்காத வண்டி

உங்கள் ஜீப்பில் ஃபேன் பெல்ட் கத்துகிறது மேடம். காலையில் ஸ்டேஷன் வாசலில் நின்றபோது கேட்டேன். ஸ்டார்ட் செய்ததும் கிறீச்சென்று ஒரு சத்தம், பிறகு தானாக அடங்கிவிடுகிறது. அடங்கிவிடுவதால் யாரும் அதைக் கண்டுகொள்வதில்லை. மாற்றிவிடச் சொல்லுங்கள். பெரிய வேலை இல்லை.

நான் ஒரு வாக்கியம் சொல்லி முடித்து அடுத்ததைத் தொடங்கக் கொஞ்சம் நேரமாகும். பொய் யோசிக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். எனக்குப் பேச்சு அப்படித்தான் வரும். பட்டறையில் பகல் முழுக்க எஞ்சின் ஓடுவதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். வீட்டுக்கு வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு படிப்பேன். பேச வேண்டிய தேவை அதிகம் வந்ததில்லை.

முதலில் என் பட்டறையில் வேலை செய்யும் சோணையை விட்டுவிடுங்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். நான் உள்ளே வரும்போது பழக்க தோஷத்தில் எழுந்து நின்றான். விபத்து நடந்த அன்று நீங்கள் பட்டறைக்கு வந்து விசாரித்தபோது, அந்த வண்டியில் டர்போவைப் பொருத்தியது சோணை என்று சொன்னேன். அது பொய். பொருத்தியது நான். பொருத்திய அன்றைக்குச் சோணை குலசாமி கும்பிட உசிலம்பட்டிப் பக்கம் அவன் ஊருக்குப் போயிருந்தான். அவன் ஊர்க்காரர்களிடம் கேட்டாலே தெரிந்துவிடும்.

இன்று காலைப் பேப்பரில் செய்தி வந்திருக்கிறது. ‘மெக்கானிக்கின் கவனக்குறைவால் கார் விபத்து’ என்று தலைப்பு. டீக்கடையில் நின்று படித்தேன். பக்கத்தில் நின்ற ஆள் எட்டிப் பார்த்து, “இவன மாதிரி அரவேக்காட்டுப் பயலுகள நம்பி வண்டியக் குடுத்தா இப்படித்தேன்” என்றான். நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு நேராக இங்கே வந்தேன். அந்தச் சொல்லைத் திருத்த வேண்டும். அங்கே கவனக்குறைவு எதுவும் நடக்கவில்லை. அந்த வண்டியில் கடைசியாக நான் செய்த வேலையைப் போல் அவ்வளவு கவனமாக வேறு எதையும் நான் செய்ததில்லை.

என் பெயர் ஆலன் என்பது உங்களுக்குத் தெரியும். ரிங் ரோட்டில் பட்டறை. ஆயில் மாற்றுவது, பஞ்சர் ஒட்டுவது அங்கே கிடையாது. கம்பெனியிலிருந்து வந்த வேகம் போதாது என்று நினைக்கிறவர்கள் என்னிடம் வருவார்கள். அவர்களுக்குப் பெரிய டர்போ போட்டுக் கொடுப்பேன். டர்போ என்பது, எஞ்சின் கக்கும் புகையின் வேகத்தில் சுற்றி, அதே எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கிற ஒரு விசிறி. காற்று கூடினால் டீசல் கூடுதலாக எரியும், வண்டி இழுக்கும். அதற்குத் தகுந்தபடி வண்டியின் கம்ப்யூட்டரில் இருக்கும் கணக்கையும் மாற்றி எழுதுவேன். மேலூரிலிருந்தும் தேனியிலிருந்தும் வண்டிகள் வருகின்றன. ‘ஆலன் தொட்ட வண்டி’ என்று சொல்லி விற்கிறார்கள். எங்கள் குடும்பத்தில் எல்லோரும் மிஷன் பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள். கையில் கிரீஸ் பூசிக்கொண்டவன் நான் ஒருவன்தான். அந்தப் பேரைத் தவிர எனக்கு வேறு சம்பாத்தியம் கிடையாது.

ஜெய்சன் என் தங்கை ஷெரினின் புருஷன். கோரிப்பாளையத்தில் டைல்ஸ் கடை வைத்திருக்கிறான். நன்றாக உடுத்துவான், நன்றாகச் சிரிக்கவைப்பான். எந்த விசேஷ வீட்டிலும் அவனைச் சுற்றி நாலு பேர் நிற்பார்கள். அவனுடைய டீசல் காருக்கு டர்போ போட வேண்டும் என்று அவனாகத்தான் கேட்டு வந்தான். “மச்சான், ஊருக்கெல்லாம் போட்டுக் குடுக்குறீங்க, தங்கச்சி புருஷன் மட்டும் மாட்டு வண்டி ஓட்டணுமா?” என்றான். சரி மாப்ள, கொண்டு வா என்றேன்.

பெரிய டர்போ, காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர், புகைக் குழாய், கம்ப்யூட்டரில் புதுக் கணக்கு. எல்லாம் ஒழுங்காகப் போட்டுக் கொடுத்தேன். கொடுத்த மறுநாளே போன் வந்தது.

“மச்சான், நத்தம் பாலத்துல நிக்கிறேன்.”

“ஏன் மாப்ள, என்னாச்சு?”

“நிக்கலை, போயிக்கிட்டுத்தான் இருக்கேன். ஆனா நிக்கிற மாதிரிதான் இருக்கு. ஒரு ஷேர் ஆட்டோ என்னைய ஓவர்டேக் பண்ணிட்டுப் போகுது. உள்ள கருவாட்டுக் கூடையோட எட்டுப் பொம்பளைங்க. எனக்கு டாட்டா காட்டுறாங்க மச்சான்.”

பின்னால் யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது. போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தான்.

வண்டி திரும்ப வந்தது. டவுனுக்குள் ஒழுங்காக ஓடும். அந்த நீண்ட பறக்கும் பாலம் மாதிரித் தடையில்லாத இடத்தில் மிதித்தால் கொஞ்ச தூரம் பாயும், பிறகு யாரோ பின்னாலிருந்து பிடித்து நிறுத்தியது போல அடங்கிவிடும். எங்கள் தொழிலில் இதை லிம்ப் மோடு என்போம். எஞ்சினில் எங்கேயோ கோளாறு இருப்பதைக் கம்ப்யூட்டர் தெரிந்துகொண்டு, எஞ்சின் கெட்டுவிடாமல் இருக்கத் தானே வேகத்தைக் குறைத்துவிடும். நொண்டி நொண்டி வீட்டுக்குப் போய்ச் சேரலாம், அவ்வளவுதான். எச்சரிக்கை விளக்கும் எரியும். காரணத்தைக் கண்டுபிடிப்பது என் வேலை.

வரிசையாகப் பார்த்தேன். காற்று போகும் குழாய்களில் கசிவு இருக்கிறதா என்று புகை விட்டுப் பார்த்தேன். கசிவு இல்லை. காற்றழுத்தத்தை அளக்கும் சென்சாரை மாற்றினேன். டீசல் ஃபில்டரை மாற்றினேன். கணக்கை முழுக்க அழித்துத் திரும்ப எழுதினேன். ஒவ்வொரு தடவையும் நானே பாலத்துக்கு ஓட்டிப்போய்ப் பார்ப்பேன். ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் அடங்கும். சோணை பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வருவான். “அண்ணே, யாரோ செய்வினை வச்சுட்டாங்கண்ணே. நீங்க வேதக்காரவுக, கும்பிட வேணாம். நான் பாண்டி கோயில்ல ஒரு எலுமிச்சம்பழத்த வாங்கி டயர்ல வச்சு ஏத்தி எறக்கிர்றேன். நீங்க அந்தப் பக்கம் திரும்பி நின்னுக்கங்க” என்றான். வேறு சமயமாக இருந்தால் சிரித்திருப்பேன்.

எனக்குக் கோபம் வந்தால் குரல் தாழ்ந்துவிடும். பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரியாது. அந்த நாட்களில் என் குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. ராத்திரி படுத்தால் அந்த ஷேர் ஆட்டோ போவது தெரியும்.

ஒருநாள் ஜெய்சன் தன் சிநேகிதர்கள் இரண்டு பேரோடு பட்டறைக்கு வந்தான். பானெட்டைத் திறந்துவைத்து, “மச்சான் தப்புப் பண்ண மாட்டாரு, எனக்குத் தெரியும். இந்தக் குழாயெல்லாம் யாரு மாட்டுனது?” என்று கேட்டான். ஊரிலிருந்து திரும்பி வந்து, குழாய்களைக் கிளாம்ப் போட்டு இறுக்கி மாட்டியது சோணை. அதனால் சோணையைக் கூப்பிட்டு, அவர்கள் முன்னால் அவன் செவிட்டில் ஒன்று வைத்தேன்.

சோணைக்கும் என் வயதுதான். கன்னத்தைத் தடவிக்கொள்ளக்கூட இல்லை. “அண்ணே, நான் மாட்டுன கிளாம்ப்பு ஒரு நூலு நகரலண்ணே. வந்து தொட்டுப் பாருங்க” என்றான்.

நான் தொட்டுப் பார்க்கவில்லை. ஏற்கெனவே பார்த்திருந்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

இப்போது என் தங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். காரணம் என்று நீங்கள் எழுதுகிற இடத்தில் ஷெரின் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.

அவள் எம்.எஸ்ஸி. படித்தவள். கல்யாணத்துக்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி எடுத்துக்கொண்டிருந்தாள். கடைக்காரன் பெண்டாட்டி அடுத்தவன் சம்பளத்துக்குப் போகக் கூடாது என்று ஜெய்சன் நிறுத்திவிட்டான். அதையும் சிரித்துக்கொண்டே, நாலு பேர் ரசிக்கிற மாதிரித்தான் சொன்னான். நான்காவது தடவையோ ஐந்தாவது தடவையோ வண்டியைப் பட்டறையில் விட அவளே ஓட்டி வந்தாள். சாவியை நீட்டும்போது சுடிதாரின் கை மேலே ஏறியது. மேல்கையில் விரல் தடங்கள். பழுத்த நாவல்பழ நிறம்.

“என்ன ஷெரின் இது?”

“விடுண்ணே.”

“அவன் அடிக்கிறானா?”

“நீ வண்டிய மட்டும் சரி பண்ணிக் குடுண்ணே. ஊர்ல யாரு மேல கோவம் வந்தாலும் அவரு அத வீட்டுக்குத்தான் தூக்கிட்டு வாராரு. இப்ப இந்த வண்டிக் கோவம் ஒண்ணு புதுசா சேந்திருக்கு.”

நான் சாவியை வாங்கிக்கொண்டேன். அவள் வாசல் வரை போய்த் திரும்பினாள். பிறகு, “ஒன்னால முடியலைன்னா முடியலைன்னு சொல்லிரு. பழைய டர்போவையே மாட்டிக் குடுத்துரு. அவரு நாலு நா கேலி பண்ணுவாரு, அப்புறம் மறந்துருவாரு” என்றாள்.

இதை நன்றாக யோசித்துப் பாருங்கள் மேடம். அவள் சொன்னது நல்ல யோசனை. நான் அப்போதே பழையதை மாட்டிக் கொடுத்திருந்தால் நீங்களும் நானும் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டோம். ஆனால், ‘முடியலைன்னா’ என்று அவள் சொன்ன அந்தச் சொல்லுக்குப் பின்னால் வந்த எதுவும் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை.

அடுத்த வாரம் எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை. உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். ஆராதனை முடிந்து எல்லோருக்கும் அசனச் சாப்பாடு. அதற்கு முன்னால், விளைந்தது வளர்த்தது என்று ஆளுக்கொன்று காணிக்கையாகக் கொண்டுவந்ததை வளாகத்தில் வைத்து ஏலம் விடுவார்கள். வாழைத்தார், பூசணிக்காய், சோழவந்தான் வெற்றிலைக் கட்டு, கோழி, ஆடு. யார் எதை ஏலம் எடுத்தாலும் கைதட்டுவார்கள். சந்தோஷமான நாள் அது. சின்ன வயதில் நானும் ஷெரினும் அந்த நாளுக்காகக் காத்திருப்போம்.

ஜெய்சன் ஒரு சேவலை ஏலம் எடுத்தான். கால்களைக் கட்டிய கயிற்றை அவிழ்த்துவிட்டான். சேவல் கூட்டத்துக்குள் ஓடியது, பிள்ளைகள் துரத்தினார்கள். அதைப் பிடித்து வந்து நான் நின்ற இடத்துக்குக் கொண்டுவந்தான். மைக் பக்கத்தில்தான் இருந்தது.

“மச்சான், இந்தாங்க, வச்சுக்கங்க. ஆனா இதுக்கு டர்போ மட்டும் போட்டுராதீங்க. பாவம், இப்பவாச்சும் ஓடுது.”

வளாகமே சிரித்தது. மைக் பிடித்திருந்தவர் சிரித்தார். எனக்குப் பாடம் எடுத்த ஆசிரியர்கள் சிரித்தார்கள். போன மாதம் என்னிடம் வண்டி கொடுத்துவிட்டுப் போன ஒருவர் சிரித்தார். என் அம்மா மரியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஷெரினும் சிரித்தாள். அவள் கொஞ்சமாகத்தான் சிரித்தாள், உடனே நிறுத்திக்கொண்டாள். ஆனால் சிரித்தாள்.

நான் சேவலை வாங்கிக்கொண்டேன். சூடாக இருந்தது. அதன் நெஞ்சு என் உள்ளங்கையில் அடித்துக்கொண்டது. சாப்பாட்டுப் பந்தி முடியும் வரை அதைக் கையிலேயே வைத்திருந்தேன்.

அன்று சாயங்காலம் பட்டறையில் யாரும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை. ஷெரின் விட்டுப்போன வண்டியைத் தூக்கி நிறுத்தி, இதுவரை தொடாத ஒரே இடத்தைத் தொட்டேன். டர்போ என் கையால் பொருத்தியது என்பதால் அதைச் சந்தேகப்படவே இல்லை. கழற்றியதும் தெரிந்துவிட்டது.

டர்போவுக்குள் ஆயில் போய், அதன் தண்டைக் குளிர்வித்துவிட்டு, ஒரு குழாய் வழியாகக் கீழே இறங்க வேண்டும். அந்தக் குழாய் சேரும் இடத்தில், ஒழுகாமல் இருக்க, கேஸ்கட் என்ற மெல்லிய தகடு ஒன்று வைக்க வேண்டும். நான் பொருத்திய அன்று அளவான கேஸ்கட் வந்து சேரவில்லை. ஜெய்சன் காலையிலிருந்து போன் மேல் போன். அதனால் இங்கே எல்லாப் பட்டறையிலும் செய்கிற வேலையைச் செய்தேன். டியூபிலிருந்து பேஸ்ட்டைப் பிதுக்கி வட்டமாகப் பூசி முடுக்கினேன். காய்ந்தால் ரப்பர் போல ஆகிவிடும், ஒழுகாது. ஆனால் கொஞ்சம் கூடுதலாகப் பூசினால் முடுக்கும்போது உள்பக்கமாகவும் பிதுங்கும். என்னிடம் வேலை கற்க வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லித் தருவதே இதைத்தான்.

பிதுங்கிய பேஸ்ட் குழாயை முக்கால்வாசி அடைத்திருந்தது. ஆயில் கீழே இறங்க வழியில்லாமல் டர்போவின் உள்ளே தேங்கி, காற்றுக் குழாய்க்குள் கசிந்து, இன்டர்கூலருக்குள் குளமாக நின்றது. தண்டு தேய்ந்து ஆட ஆரம்பித்திருந்தது. கம்ப்யூட்டர் இதைத்தான் கண்டுபிடித்து வண்டியை அடக்கிக்கொண்டிருந்தது. நான் செய்த தப்பை அது இத்தனை நாளும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

பேஸ்ட்டில் என் கட்டைவிரல் ரேகை பதிந்திருந்தது. மேடம், நான் அதைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. பொழுது சாய்ந்துவிட்டது.

சரியாகச் செய்வது எப்படி என்று எனக்குத் தெரியும். புது டர்போ வரவழைக்க வேண்டும். இன்டர்கூலரைக் கழுவ வேண்டும். வண்டி இன்னும் பத்து நாள் பட்டறையில் கிடக்கும். ஏன் என்று ஜெய்சன் கேட்பான். என் கை தப்பு என்று சொல்ல வேண்டும். சோணையை வீணாக அறைந்தது தெரியவரும். அடுத்த பண்டிகையில் பேஸ்ட் டியூபை ஏலத்துக்கு வைப்பான்.

நான் பேஸ்ட்டைச் சுரண்டி எடுக்கவில்லை. ஆயிலைத் துடைக்கவில்லை. கழற்றிய டர்போவை அப்படியே திரும்ப மாட்டினேன். லேப்டாப்பை எடுத்து, வண்டியைக் காப்பாற்றிக்கொண்டிருந்த அந்த ஏற்பாட்டைக் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துவிட்டேன். இனி அது வேகத்தைக் குறைக்காது, எச்சரிக்கை விளக்கும் எரியாது. காற்றழுத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டினேன். தேய்ந்த தண்டும் ஒன்றிரண்டு ஓட்டத்துக்கு நன்றாகச் சுற்றும்.

அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்று நீங்கள் கேட்பீர்கள். பெட்ரோல் எஞ்சினுக்கும் டீசல் எஞ்சினுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. டீசல் எஞ்சின் எந்த எண்ணெய் கிடைத்தாலும் எரிக்கும். தன் சொந்த ஆயிலே காற்றுக் குழாய் வழியாக உள்ளே வர ஆரம்பித்தால் அதையும் எரிக்கும். எரிய எரிய வேகம் கூடும். கூடக் கூட இன்னும் உறிஞ்சும். சாவியைத் திருப்பினால் டீசல்தான் நிற்கும், எஞ்சின் நிற்காது. பயிற்சிக் காலத்தில் ஒரு லாரி எஞ்சின் அப்படி ஓடியதைப் பார்த்திருக்கிறேன். பெரியவர்கள் எல்லாம் ஓடி ஒளிந்தார்கள்.

அப்படி ஆனாலும் தப்பிக்க வழி இருக்கிறது. பதறாமல் மேல் கியரைப் போட்டு, பிரேக்கை முழுக்க மிதித்துக்கொண்டு கிளட்சை விட்டால் எஞ்சின் திணறி அணைந்துவிடும். எந்தக் காரணம் கொண்டும் சாவியை வெளியே உருவக் கூடாது, உருவினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். என் பட்டறையிலிருந்து எந்த டீசல் வண்டி போனாலும், சொந்தக்காரரை டிரைவர் சீட்டில் உட்காரவைத்து இதைச் சொல்லிக் காட்டிவிட்டுத்தான் சாவியைக் கையில் கொடுப்பேன். என்னிடம் வண்டி எடுத்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சிலர் கேலிகூடச் செய்வார்கள்.

ஜெய்சனுக்கு முதல் தடவை வண்டி கொடுத்தபோது சொல்ல ஆரம்பித்தேன். “மச்சான், ஞாயித்துக்கிழமைப் பிரசங்கம் இங்கயுமா?” என்று சாவியைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டான். இந்தத் தடவை, மறுநாள் வண்டி எடுக்க அவன் வந்தபோது, நான் ஆரம்பிக்கவே இல்லை. அவன் உட்காரும் முன்பே சாவியை நீட்டினேன்.

“சரியாயிருச்சா மச்சான்?”

“ஆயிருச்சு மாப்ள.”

“என்னதான் கோளாறு?”

“சின்னதுதான். கிளாம்ப்.”

சோணை அப்போது அந்தப் பக்கம் கை கழுவிக்கொண்டிருந்தான். திரும்பிப் பார்த்தான்.

“இன்னைக்கும் பாலத்துல படுத்துச்சுன்னா, இனி ஒங்க பட்டற வாசல்லயே கெடக்கட்டும், கோழி அடைக்க ஆகும்” என்று சொல்லிவிட்டு ஜெய்சன் கிளம்பினான்.

அவன் தனியாகத்தான் போவான் என்று நினைத்தேன். என் நினைப்பில் அந்த வண்டிக்குள் எப்போதும் அவன் ஒருவன்தான் இருந்தான். இதை எழுதிக்கொள்ளுங்கள்.

கொஞ்ச நேரத்தில் ஷெரின் போன் செய்தாள். காருக்குள்ளிருந்து பேசினாள். பின்னால் எஞ்சின் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தில் இன்னும் குறை எதுவும் இல்லை.

“அண்ணே, இவரு வீட்டுக்கு வந்து என்னையும் கூட்டிட்டு வந்துட்டாரு. பாலத்துக்குப் போறோம். வழியெல்லாம் பாட்டுப் பாடிக்கிட்டு வாராரு. இம்புட்டு சிரிச்ச மொகமா நான் பாத்து எத்தன நாளாச்சு தெரியுமா?”

“சரி.”

“ஒனக்குத்தான் தாங்க்ஸ் சொல்லணும்ணே. என்ன, சத்தத்தையே காணோம்?”

அந்த நேரத்தில் என்ன நினைத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், மறைப்பதற்கு ஒன்றுமில்லை. ‘வண்டியை நிறுத்தச் சொல்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவன் நிறுத்துவான். வண்டியைத் திருப்பிக் கொண்டுவருவான். பானெட்டைத் திறப்பான். டர்போவைக் கழற்றச் சொல்வான். சோணை கழற்றுவான். அந்தப் பேஸ்ட் வெளியே வரும்.

“பெல்ட் போட்டுக்க” என்றேன்.

“போட்டுக்கிர்றேன்ணே. வைக்கவா?”

வைத்துவிட்டாள். நான் பெல்ட் போடச் சொன்னேன் என்பதையும் நீங்கள் எழுத வேண்டும். அவள் மேல் அக்கறை இல்லாதவன் அதைச் சொல்லியிருக்க மாட்டான்.

பிறகு அவள் நம்பரிலிருந்தே மறுபடியும் போன் வந்தது. ஆண் குரல். பாலம் இறங்குகிற இடத்தில் இளநீர் விற்பவர்.

“அண்ணே, இந்த போன்ல கடைசியா பேசுன நம்பருண்ணே. நீங்க இவுகளுக்கு என்ன வேணும்? வண்டி நின்ன லாரியில ஏறிருச்சுண்ணே.”

“எப்படி?”

“பேய் மாதிரி வந்துச்சுண்ணே. வெள்ளப் பொகையா கக்கிக்கிட்டு, கத்திக்கிட்டு வந்துச்சு. நேரா வந்துச்சு, வளையவே இல்ல. சாவி அந்தாளு கையில இருக்குண்ணே, வண்டி முட்டி நின்ன பெறகும் எஞ்சினு ஓடுது. அந்தாளுக்கு உசுரு இருக்கு. காலு ரெண்டும் உள்ள மாட்டிக்கிருச்சு. அந்தக்காவுக்கு…” என்று நிறுத்தினார். “நீங்க வாங்கண்ணே. சீக்கிரம் வாங்க.”

நான் போனபோது எஞ்சின் ஆயில் தீர்ந்து தானாக அடங்கியிருந்தது. ஷெரின் பெல்ட் போட்டிருந்தாள். லாரியின் பின்பக்கம், அவள் உட்கார்ந்திருந்த பக்கமாகத்தான் உள்ளே வந்திருந்தது. அங்கே பெல்ட்டுக்கு வேலை இல்லை.

ஷெரின் அடக்கத்தில் பெட்டியை நான்தான் முன்னால் பிடித்து வந்தேன். அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு, “ஒந்தங்கச்சிக்கு நீ செஞ்ச வண்டிடா அது, ஒங்கையால செஞ்சதுடா” என்று அழுதாள். என்ன அர்த்தத்தில் சொன்னாள் என்று தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை. அதற்குப் பிறகு நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

நீங்கள் பேனாவை வைத்துவிட்டீர்கள். கேளுங்கள்.

“தங்கச்சி கையில அந்தத் தடத்த அன்னைக்குத்தான் மொதத் தடவையா பாத்தீங்களா?”

இல்லை மேடம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கிறிஸ்துமஸுக்கு வந்தபோதே பார்த்திருக்கிறேன். கழுத்துப் பக்கம் இருந்தது. அதற்குப் பிறகும் பார்த்திருக்கிறேன்.

“இந்த ரெண்டு வருஷமா என்ன செஞ்சீங்க?”

நான் மெதுவாகத்தான் பதில் சொல்வேன் என்று முதலிலேயே சொன்னேன்.

இரண்டு வருஷமாக அவனோடு பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். அவன் கடைத் திறப்பு விழாவுக்கு மாலை வாங்கிக்கொண்டு போனேன். அப்போதெல்லாம் அவன் வண்டியை என்னிடம் கொடுத்திருக்கவில்லை.

இதை நீங்கள் வேறு மாதிரி எடுத்துக்கொள்கிறீர்கள் என்று உங்கள் முகத்தில் தெரிகிறது. நான் ஷெரினுக்காகத்தான் செய்தேன். காரணம் எழுதும் இடத்தில் அவள் பெயரை எழுதும்படி சொல்லியிருக்கிறேன், அதை அடிக்க வேண்டாம்.

முழுவதும் எழுதிவிடுங்கள். டர்போவைத் தப்பாகப் பொருத்தியது நான். தப்பைத் தெரிந்துகொண்ட பிறகு அதைச் சரிசெய்யாமல், வண்டி தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் வழியை அடைத்தது நான். எப்படி நிறுத்துவது என்று சொல்லாமல் சாவியைக் கொடுத்தது நான். தங்கை உள்ளே இருக்கிறாள் என்று தெரிந்தும் சும்மா இருந்தது நான். சோணைக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. அவனுக்கு இந்த வேலை தெரியவும் தெரியாது. வழக்கில் அவன் பெயரைப் போட்டால் நாளைக்கு ஊரில் இதை அவன் வேலை என்று பேசுவார்கள். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன்.

ஒரு உதவி மட்டும் கேட்பேன். ஜெய்சனுக்கு நினைவு திரும்பிவிட்டதாம், பேசுகிறானாம். இன்றைக்கோ நாளைக்கோ அவனிடம் வாக்குமூலம் வாங்க நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போவீர்கள். மற்றதையெல்லாம் உங்கள் இஷ்டப்படி கேளுங்கள். புகை வருவதற்கு முன்னால், நத்தம் பாலத்தில் அவன் மிதித்தபோது வண்டி இழுத்ததா இல்லையா என்று எனக்காக ஒரு கேள்வி கேளுங்கள். அவன் என்ன சொல்கிறானோ அதை அவன் வார்த்தையிலேயே எழுதி வாங்கி வாருங்கள்.